நீல ஒட்டுநாடா

எட்டு மாதம் காகிதத்தில் குடியிருந்தோம்.
நான் சபையின் பொருளாளர். எனக்கு மனப்பாடமான வேதம்
இரண்டே பத்தி: வரவு, செலவு.
ஜனவரியில் ஒரு ஞாயிறைச் சூடேற்ற என்ன ஆகும் என்று
கூட்டத்தில் வாசித்தேன். மூன்றாம் வரிசையில் ஒருவர்
மேலங்கியின் கழுத்துப் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.

சுப்பீரியர் ஏரியில் எழும் காற்று
நூற்றிருபது வருடமாக எங்கள் வடக்குச் சுவரை,
அந்தச் செம்மணற்கல்லை, அரிசி அரிசியாகத் தின்கிறது.
செம்புச் சுரங்கம் மூடியபின் ஊரில் மிச்சம்
ஒரு பள்ளி, இரண்டு மதுக்கடை, நாங்கள்:
முந்நூறு பேருக்குப் போட்ட பெஞ்சுகளில்
நாற்பத்தொரு பேர்.

ஆகவே பின்பாதியைப் பிரிக்கலாம் என்றார் போதகர்.
வியாழக்கிழமை உணவு கொடுக்க ஒரு கூடம்,
துணி துவைக்க இரண்டு இயந்திரம்,
வெந்நீர் வரும் ஒரு குளியலறை.
"பின்பெஞ்சைப் பிடுங்கினால்
என்னைப் போன்ற பாவிகள் எங்கே உட்கார?"
என்றார் தொய்வோ ரவுத்தியோ. சிரித்தோம்.
அவர் சிரிக்கவில்லை.
வங்கியில் நல்ல காப்பி கொடுத்தார்கள். அவ்வளவுதான் கொடுத்தார்கள்.

டுலூத்திலிருந்து வந்த கட்டடக்கலைஞர் சிக்னே
வரைபடத்தைச் சுருட்டி மூலையில் சாய்த்தாள்.
படத்தைப் பார்த்துத் தலையாட்டுகிறவர்கள்
வீட்டுக்குப் போய்த்தான் சண்டை போடுவார்கள் என்றாள்.
பெஞ்சுகளை ஒதுக்கி, நீல ஒட்டுநாடாவால்
தரையிலேயே சுவர் எழுப்பினாள்.
இங்கே அடுப்பு. இங்கே தொட்டி. இது கதவு.
கணுக்கால் உயரம்கூட இல்லாத அறைகளுக்குள்
கோப்பையும் கையுமாக உலவினோம்,
புது வீடு பார்க்க வந்த சம்பந்தி வீட்டார்போல.

வியாழன். நேரத்துக்கு முன்பே வந்துவிட்டாள் நோரீன் கடாட்,
பனிச்சறுக்குப் பலகையில் குழந்தையை இழுத்துக்கொண்டு.
உள்ளே வரச் சொன்னோம். நாடாவைப் பார்த்தாள்.
"கதவு ஏன் வடக்கே?"
வண்டி நிறுத்துமிடம் அந்தப் பக்கம் என்றேன்.
"எங்களிடம் வண்டி இல்லையே.
வரிசை காற்றில் அல்லவா நிற்கும்."

எட்டு மாதம். பதினேழு கூட்டம்.
வரிசையில் நிற்பவர் ஒருவரைக்கூட
ஒன்றுக்கும் நாங்கள் கூப்பிட்டதில்லை.
இதைக் குறிப்பேட்டில் ஏற்றச் சொன்னேன். ஏற்றினார்கள்.

தொய்வோ குனிந்தார். நற்கருணைக்கு அல்லாமல்
அவர் முழங்கால் மடங்கி நான் பார்த்ததில்லை.
நகத்தால் கிளறி நாடாவை உரித்தார்.
தெற்கே, ஜன்னலடியில், திரும்ப ஒட்டினார், கோணலாக.
என் செலவுப் பத்தியில்
பதினோராயிரம் டாலர் எழுந்து நின்றது.

அதை மணிக்கூண்டின் கூரையில் பிடித்தேன்.
செம்புத் தகடு வேண்டாம், தகரம் போதும்.
செம்பு தோண்டிய ஊரில் தகரக் கூரையா
என்று கேட்டாள் ஹெல்வி கங்காஸ்.
அவள் தகப்பனை அந்தச் சுரங்கம் திருப்பித் தரவேயில்லை.
வாக்கெடுப்பில் அவள் ஆதரித்தும் கை தூக்கவில்லை,
எதிர்த்தும் தூக்கவில்லை.
குறிப்பேட்டில் அதற்கொரு கட்டம் கிடையாது.

மார்ச்சில் அவள் தம்பி ஆர்வோ இறந்தான்.
நாடா அப்போதும் தரையில்தான் இருந்தது.
ஆறு பேர் பெட்டியைத் தூக்கினார்கள்.
வாசலுக்கு நேரே நடந்திருக்கலாம், தடுக்க ஒன்றுமில்லை.
ஆராதனைக்கும் அடுப்புக்கும் நடுவே
இல்லாத சுவர்வரை வந்தார்கள். நின்றார்கள்.
பக்கவாட்டில் நகர்ந்து, நாடா விட்டிருந்த இடைவெளியில்
தோளைக் குறுக்கிக்கொண்டு நுழைந்தார்கள்.
இருபுறமும் அவர்கள் பூட்ஸ் சுவரை மிதித்தது.

பின்னால் வந்த ஹெல்வி என்னருகே நின்றாள்.
கண்ணைத் துடைக்கவில்லை.
"கதவை ஓரடி அகலமாக்கு. எழுதிக்கொள்."

கையில் வேறு தாள் இல்லை.
ஆர்வோவின் அடக்க ஆராதனைத் தாளின் பின்புறம்,
அவன் பிறந்த தேதி மறுபக்கம் பதியும்படி
அழுத்தி எழுதினேன்:
கதவு. கூட ஓரடி.